கொழுந்துத் தராசும் துரையின் கையெழுத்தும்: மலையகப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு: கண்டியிலிருந்து அட்டன்

பதுளைக் கோச்சியில் சனம் நெரிகிறது. நாவலப்பிட்டி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எல்லாரும் கைபேசியோடு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். படத்தில் விழுவது பச்சை மட்டும்தான். அந்தப் பச்சைக்குள் மூன்று கட்டடங்களைத் தேடிப் பாருங்கள். மேட்டில், மரங்களுக்கு நடுவே, பாதையைப் பார்த்தபடி தோட்ட முகாமையாளரான துரையின் பங்களா. ஆற்றோரத்திலோ வளைவிலோ நாலைந்து மாடித் தேயிலைத் தொழிற்சாலை. பள்ளத்தில், தகரக் கூரையோடு நீளமாக, ஒன்றையொன்று ஒட்டிய காம்பராக்களாக (அறைகளாக), தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். எது மேலே, எது கீழே என்று பார்த்தாலே தோட்டத்தில் யார் சொல் செல்லும் என்பது பாதி விளங்கிவிடும்.

மற்ற ஊர்களில் வேலை கொடுப்பவர் ஒருவர், வீட்டுக்காரர் இன்னொருவர். தபாலுக்கு அரசாங்கம், பாதைக்கும் குப்பைக்கும் பிரதேச சபை. ஒருவரோடு முரண்பட்டால் இன்னொருவரிடம் போகலாம். தோட்டத்தில் இந்த அத்தனை வேலையையும் ஒன்றரை நூற்றாண்டாகப் பார்த்து வந்தது ஒரே காரியாலயம். பள்ளிக்கூடங்களை 1970களில் அரசு பொறுப்பேற்றது, வைத்தியசாலைகள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டது. மீதியில் பெரும்பகுதி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. இந்த வாரம் எழுதப்போவது அந்தக் காரியாலயம் எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் ஆளை அமுக்குகிறது என்பதைப் பற்றி.

இதன் வேர் கடனில் இருக்கிறது. தமிழகத்து ஊர்களில் ஆள் சேர்த்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் ஆளின் பேரிலேயே எழுதிக்கொள்வான். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே நடக்கும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் ஒரு மனிதனைப் பற்றிய காகிதம் அவன் கையில் இல்லாமல் காரியாலயத்தில் இருப்பது என்ற வழக்கம் ஒழியவில்லை.

1948இல் அது பெரிய அளவில் விளங்கியது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டன் வழியோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறப்பே பதியப்படாத லயத்தில் பாட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? மறு ஆண்டு வந்த சட்டம் தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. அதுவும் பெரும்பாலும் தோட்டத்துப் பதிவேட்டில்தான் இருந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை, வாக்கே பறிபோயிருந்தது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்திட்டார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் இன்று வேலை செய்யும் பல குடும்பங்கள் அந்த 5,25,000க்குள் வந்தவர்களின் பிள்ளைகள். எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

திங்கள்: பெரட்டும் மடுவமும்

அட்டனிலிருந்து மஸ்கெலியாப் பாதையில் பஸ். காலை ஏழு மணிக்குள், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றாக வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பும் தோட்டங்கள் உண்டு. எந்த மலை, எத்தனை பேர், யார் செடி வெட்டும் கவ்வாத்துக்கு, யார் கொழுந்துக்கு என்று அங்கே பிரிப்பார்கள். வரிசை இப்படி: பெரிய துரை, சின்னத் துரை, கண்டக்டர் என்ற மேற்பார்வையாளர், கணக்கப்பிள்ளை, கங்காணி. அதற்குக் கீழே கொழுந்தெடுக்கும் பெண்கள். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், மேற்பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. எழுதாததால் மாற்றச் சொல்லிக் கேட்கவும் இடமில்லை.

நிரை, அதாவது செடி வரிசை, பிடித்து ஏறுவார்கள். இடுப்பில் படங்கு, தலைக்கயிற்றில் கூடை அல்லது சாக்கு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது தொழிற்சாலைக்கு வேண்டிய தரம். கொழுந்து வளரும் காலத்தில் ஒரு மலைக்கு ஏழு நாளுக்கு ஒரு முறை திரும்பி வரவேண்டும். ஆள் போதாமல் அந்தச் சுற்று பத்து, பன்னிரண்டு நாளாக நீண்டால் இலை முற்றும், கை தாமதிக்கும், எடை வந்தாலும் தரம் வராது. தரம் குறைந்ததற்குக் கழிவு விழுவது சுற்றை நீட்டிய நிர்வாகத்தின் கணக்கில் அல்ல, கொழுந்தெடுத்தவளின் கணக்கில்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நாளுக்கு மூன்று நிறுவை. முன்பகல், மதியம், மாலை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பழைய தோட்டங்களில் கொக்கியில் தொங்கும் தராசு, புதியவற்றில் மின்தராசும் அட்டையும். எது ஆனாலும் கழிவு இரண்டு வகை. ஒன்று, சாக்கின் எடை. இன்னொன்று, ஈரத்துக்கும் முற்றலுக்கும் என்று பார்வையாலேயே போடும் கழிவு. சாக்கின் எடையை யாரும் மறுப்பதில்லை. வெறும் சாக்கை நிறுத்தால் தெரிந்துவிடும். இரண்டாவதற்கு அளவு இல்லை. மழை நாளில் இலை நனைந்திருக்கும் என்பது உண்மை. எவ்வளவு நனைந்தது என்பது தராசுக்குத் தெரியாது, தராசு பிடிப்பவர் சொல்வதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ என்று வைத்துள்ள தோட்டம். ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிந்தால் நாளுக்கு ஆறு கிலோ. 18 எழுதப்பட வேண்டுமானால் 24 பறிக்க வேண்டும். 22 பறித்தவளுக்கு ஏட்டில் 16. ‘பேர்’ விழவில்லை, அரைப்பேர். அரை நாள் சம்பளம் போன பிறகும் அந்த 22 கிலோவும் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத் தூள் என்று வைத்தால் ஏறக்குறைய ஐந்து கிலோத் தூள். எழுதப்படாத ஆறு கிலோவிலிருந்து வருவதும் அதற்குள் அடக்கம்.

ஊதியக் கட்டளை நாட்சம்பளத்தைச் சொல்கிறது. கிலோ இலக்கைத் தோட்டம் சொல்கிறது. சம்பளம் ஏறும்போதெல்லாம் இலக்கும் இரண்டு கிலோ ஏறுவதை மலையகத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். தை முதல் பங்குனி வரை வரட்சியில் கொழுந்து இருக்காது, இலக்கு மட்டும் இருக்கும்.

செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் வேலை செய்கின்றன. முதல் சாக்கைத் தொங்கவிடும் முன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது. தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் அந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது. வெறும் சாக்கை ஒருமுறை எல்லார் முன்னாலும் நிறுக்கச் சொல்வது. மூன்று நிறுவையையும் கழிவையும் தனித்தனியாகச் சொந்தக் கொப்பியில் எழுதுவது. ஒருத்தி எழுதினால் வாய்க்காரி என்று பேர் வரும். ஒரு நிரையே எழுதினால் கழிவு இறங்கும். “ஐயா, கழிவ வேறயா எழுதுங்க” என்று கேட்பது சாதாரண வார்த்தைதான். அதைக் கேட்டவளுக்கு மறுநாள் எந்த மலையில் நிரை கிடைக்கிறது என்று பாருங்கள், அது ஏன் அபூர்வமாகக் கேட்கிறது என்று தெரியும். கொழுந்து அடர்ந்த நிரையைக் கொடுப்பதும் கங்காணி, காய்ந்த மேட்டைக் கொடுப்பதும் கங்காணி.

செவ்வாய்: சம்பளச் சீட்டு

இன்று பத்தாம் திகதி. டவுனில் நகைக்கடை, புடவைக்கடை, அடகுக்கடை எல்லாம் நேரத்தோடே திறந்துவிட்டன. கடைக்காரர்களுக்குத் தோட்டத்துச் சம்பளத் திகதி மனப்பாடம்.

சம்பளச் சீட்டின் மேல்பகுதி வரவு, கீழ்ப்பகுதி பிடிப்பு. வாசிக்கும்போது கீழிருந்து வாசிப்பது நல்லது. சேமலாப நிதி (ஓய்வுக்குச் சேர்க்கும் பணம்), தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், மாத நடுவில் வாங்கிய முன்பணம், தேயிலைத் தூள், கோயில், மரணச் சகாயம், வங்கிக் கடன். தொழிற்சங்கச் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புகிறது. வசதிதான். ஆனால் உறுப்பினரின் பணம் நிர்வாகத்தின் கை வழியாக வரும் சங்கம், அந்த நிர்வாகத்தோடு எவ்வளவு முட்டும் என்பது கேட்கவேண்டிய கேள்வி. சங்கத்தை மாற்றவும் காரியாலயத்துக்குத்தான் கடிதம் கொடுக்க வேண்டும்.

மேல்பகுதியில் கவனிக்க வேண்டியது மொத்தத்தை அல்ல, அடிப்படைச் சம்பளத்தை. கம்பனிகளும் சங்கங்களும் எழுதிய 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அதில் அடிப்படை 500 மட்டும். வரவுக்கொடுப்பனவு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, தேயிலை விலையை ஒட்டிய விலைப்பங்கு 30. மாதத்தில் கொடுத்த வேலைநாளில் 75 சதவீதம் வராவிட்டால் வரவுக்கொடுப்பனவு போனது. இலக்குக் கிலோ வராவிட்டால் ஊக்குவிப்பு போனது. 75 சதவீத எல்லையில் இருந்தவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் நின்றால், சம்பளம் இரண்டு நாளால் மட்டும் குறையவில்லை, மாதம் முழுக்கக் குறைந்தது.

இன்னொரு இழப்பு சீட்டில் தெரியவே தெரியாது. சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் 12 சதவீதம், தொழிலாளி 8, நம்பிக்கை நிதிக்கு வேலை கொடுப்பவர் 3. இது அப்போது அடிப்படைக்கு மட்டும். 500க்கு நிர்வாகம் கட்டிய 15 சதவீதம் 75 ரூபாய். 730க்கும் கட்டியிருந்தால் 109 ரூபாய் 50 சதம். ஒரு நாள் பேருக்கு 34 ரூபாய் 50 சதம் நிர்வாகத்துக்கு மிச்சம், 25 நாள் பேருக்கு 862 ரூபாய் 50 சதம், ஒரு தொழிலாளிக்கு, ஒரு மாதத்தில். சம்பளத்தை ஏன் நாலு துண்டாக நறுக்கினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். 2019இல் அடிப்படையை 700 ஆக்கி, வரவையும் ஊக்குவிப்பையும் எடுத்துவிட்டு, விலைப்பங்கு 50 வைத்தார்கள். 2021இல் ஊதியச் சபை வழியாக 900உம் 100உமாக ஆயிரம் வந்தது; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எழுதி வந்த கூட்டு ஒப்பந்தம் அதோடு நின்றது. 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்து நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, செப்டெம்பரில் அடிப்படை 1,350 என்று முடிந்தது. ஒவ்வொரு முறையும் மேடையில் சொன்ன தொகையையும் அடிப்படையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓய்வின்போது அடிபடுவது பெயரில். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் கே படிவத்தில் கேட்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்து ஆட்பதிவேடான செக்ரோலில் கிளாக்கர் எழுதிய இன்னொரு பெயர், நிதிக் கணக்கில் மூன்றாவது. இராமாயி, ராமாய், ராமி. மூவரும் ஒருத்திதான் என்று சத்தியக்கடதாசி முடித்து, தோட்டத்திலிருந்து உறுதிக் கடிதம் வாங்கி, அலையும் அலைச்சல் மாதக்கணக்கில் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சீட்டிலேயே பெயரையும் அங்கத்துவ இலக்கத்தையும் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் முப்பது வருடம் கழித்து இந்தத் தொல்லை இல்லை. பணிக்கொடைக் கணக்கு எளிது: கடைசி நாட்சம்பளம், பெருக்கல் 14, பெருக்கல் சேவை வருடம். 2024இல் வந்த 1,350இல் முப்பது வருடத்துக்கு 5,67,000 ரூபாய். சட்டப்படி முப்பது நாளுக்குள் கையில் வரவேண்டும். சேமலாப நிதியும் பணிக்கொடையும் பெரும் நிலுவையில் கிடந்தவற்றில் அரசே நடத்தும் தோட்டங்களும் உண்டு. சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய அரசாங்கமே கடன்காரனாக இருக்கையில் தொழில் திணைக்களம் யார் மேல் வழக்குப் போடும்?

புதன்: விலாசம் இல்லாத வீடு

லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் குசினி என்று தகரம் அடித்து இறக்கியிருப்பார்கள். இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. பின் ஜன்னலுக்கு வழியே இல்லை. மூன்று தலைமுறை ஒரே காம்பராவில். தகரம் ஓட்டையானால் மாற்ற வேண்டியது தோட்டம், தோட்டம் மாற்றாது, சொந்தக் காசில் ஓர் அறை இறக்கினால் அனுமதியில்லாக் கட்டடம் என்று கடிதம் வரும்.

மின்சாரம் எடுக்க மின்சார சபை கேட்கும் காகிதங்களில் ஒன்று நிலச்சொந்தக்காரரின் சம்மதம். நிலம் அரசுடையது. 1972லும் 1975லும் சுவீகரித்து, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் விட்டு, 53 ஆண்டுக் குத்தகை எழுதினார்கள். ஆகவே சம்மதம் துரையிடம். துரை ஊரில் இல்லையென்றால் விண்ணப்பம் மேசையில்.

தபாலும் அப்படித்தான். வீட்டுக்கு இலக்கம் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, காரியாலயத்தில் இறங்கி, அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்கு வர வேண்டும். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு, பல்கலைக்கழக அனுமதி, வங்கி அறிவித்தல், நீதிமன்ற அழைப்பாணை எல்லாம் இதே வழி. திகதி முடிந்தபின் கிடைத்த நேர்முகக் கடிதங்கள் மலையகத்தில் வீட்டுக்கு வீடு கதையாக இருக்கும். நிர்வாகத்தோடு வழக்கு நடத்துபவருக்கு வரும் கடிதமும் நிர்வாகத்தின் மேசைக்கே வருகிறது. பிள்ளைகள் டவுனில் உள்ள கடை விலாசத்தையோ ஆசிரியர் வீட்டு விலாசத்தையோ கொடுப்பது இதனால்தான். பதிவுத் தபால் எதற்கும் அந்த மாற்று விலாசமே மேல்.

பிரதேச சபைக்குப் போகலாமே என்று கேட்கலாம். 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு இருந்தது. சபையின் நிதியில் தோட்டக் குடியிருப்புக்குப் பாதையோ கிணறோ அமைக்க அது இடம் கொடுக்கவில்லை. தோட்டம் தனியார் நிர்வாகம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். வாக்கு எண்ணும்போது தோட்டமும் சேர்த்தி, தலைவரும் தோட்டத்துப் பிள்ளையாகக்கூட இருப்பார், ஆனால் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு லோட் கல் கொட்ட அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை. கொட்டியிருந்தால் கணக்காய்வில் மாட்டியிருப்பார். முப்பது ஆண்டு கழித்து, 2018இல்தான் இதைத் திருத்தினார்கள். நுவரெலியா, அம்பகமுவ என்ற, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேரைக் கொண்ட இரண்டு சபைகள் ஆறாகப் பிரிந்ததும் அந்தக் காலத்தில்தான். சட்டம் திருந்தியதும் பாதை வந்துவிடவில்லை. சபை வேலை செய்ய, கம்பனி அந்தத் துண்டு நிலத்தை விடுவிக்க வேண்டும். மறுபடியும் அதே கையெழுத்து.

அண்மை ஆண்டுகளில் கட்டிக் கொடுத்த தனி வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச் காணி. சதுர அடியில் 1,900க்குக் கொஞ்சம் கூட. வீட்டுக்குள் குடியேறியும் உறுதிப் பத்திரம் கையில் வராதவர்கள் இருக்கிறார்கள். பத்திரத்தில் பார்க்க வேண்டியவை: நில அளவைப் படத்தின் இலக்கம், பெண்ணின் பெயரும் சேர்ந்திருக்கிறதா, காணிப் பதிவகத்தில் பதிந்த முத்திரை. மேடையில் கொடுத்த காகிதம் எல்லாம் உறுதி ஆகாது. அனுமதிக் கடிதத்துக்கு வங்கி கடன் கொடுக்காது.

வியாழன்: தலவாக்கலை

டெவன் அருவியைப் பார்க்கப் பிரதான வீதியோரமே பார்வைத்தளம் உண்டு, தேநீர்க் கடையும் உண்டு. பஸ்காரர்கள் பத்து நிமிடம் நிறுத்துவார்கள். அங்கே டெவன் தோட்டத்தில்தான் 1977 மே மாதம் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க அளக்க வந்தபோது, அங்கே வேலை செய்பவர்களுக்கு அதில் பங்கில்லை என்று தெரிந்து தொழிலாளர் மறித்தார்கள். அளவை நின்றது. அதற்கு முன்பு 1940 சனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். இரண்டு பேரையும் மலையகத்தில் மேதினத்துக்கு மேதினம் நினைக்கிறார்கள். அருவிக்கு வழிகாட்டும் பலகையில் இதற்கெல்லாம் இடமில்லை.

வெள்ளி: கொஸ்லந்தை

அப்புத்தளையிலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில் காது அடைக்கும். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்துக்குச் சற்றுப் பின், மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போனதால் பிழைத்த பிள்ளைகள் பலர், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை.

இந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் சொல்லியிருந்தது. அப்படியானால் ஏன் மக்கள் எழும்பிப் போகவில்லை என்று கொழும்பில் கேட்டார்கள். எங்கே போவது? லயம் கம்பனியுடையது, கீழே உள்ள காணியும் கம்பனியுடையது. ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கலாம், எழுப்ப அதிகாரமில்லை. பிரதேச செயலாளர் எழும்பச் சொல்லலாம், கொடுக்கக் காணியில்லை. கம்பனி காணி விடலாம், வீடு கட்டுவது தன் வேலையில்லை என்கிறது. வீடு கட்டும் அமைச்சு, காணி விடுவித்த கடிதமும் இடம் பாதுகாப்பானது என்ற சான்றிதழும் வந்தபின்தான் தொடங்கும். ஒவ்வொரு மேசையும் தன் பங்கைச் சரியாகச் செய்ததாகக் கோப்பில் இருக்கும். தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தட்டி அடித்துக் காத்திருந்தார்கள்; புது வீடுகள் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம்.

மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் மழை காலத்தில் பார்க்க வேண்டியவை: நிலத்திலோ சுவரிலோ படிக்கட்டு மாதிரி ஏறும் வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, சாயும் மரமும் கம்பமும், வழக்கமான ஊற்று கலங்குவது அல்லது நிற்பது, இல்லாத இடத்தில் புது ஊற்று. வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளியை அளந்து, திகதியோடு எழுதினால் வளர்கிறதா என்று தெரியும். சிமெந்து பூசி மூடுவதுதான் பெரிய பிழை. மழைக்கு நிறுவனத்தின் அளவு: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் கடந்தால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் 75 விழுந்தாலும் வெளியேறத்தான் வேண்டும்.

மழைமானி பல தோட்டங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கொழுந்து மதிப்பீட்டுக்காக ஒவ்வொரு காலையும் அளந்து ஏட்டில் எழுதுகிறார்கள். அந்த எண்ணை லயத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்ய ஒரு ரூபாய் செலவில்லை. பெரட்டில் ஒரு பலகை வைத்து எழுதினால் போதும். இரவில் அடிக்கும் மழைக்கு அதுவும் போதாது. லயத்துக்கு ஒரு மானி வேண்டும், அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும். நேர்ப்பக்கமுள்ள போத்தலின் மேலே, அதே அகல வாயுள்ள புனலை வைத்து, அடியிலிருந்து மில்லிமீட்டர்க் கோடு கிழித்தால் அவசரத்துக்கு அது மானிதான். 75இல் ஒரு சிவப்புக் கோடு, 150இல் இன்னொன்று. எந்தக் கோட்டில் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதை மழைக்கு முன்பே காரியாலயத்தில் எழுத்தில் வாங்கி வையுங்கள். பள்ளிக்கூடத்துச் சாவியும் கோயில் மண்டபத்துச் சாவியும் இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து.